ஸ்டிக்கர் ஒட்டினால் வருகிறேன்

கார்வர் ஹாலோ, வெர்மான்ட்
1997 ஏப்ரல் 14

தம்பி வெண்டெலுக்கு,

அண்ணன் ஆர்லோ எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? ஃபுளோரிடா வெயிலில் இன்னும் கருகாமல் இருக்கிறாயா? எனக்கு இடுப்பு வலி தவிர வேறு குறை இல்லை. அந்த வலிக்கும் காரணம் நீதான். அதைச் சொல்லத்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு என்ன எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? ஆகஸ்டில் வரும் ஊர் கூடும் நாளுக்கு வாடா என்று நான் வருஷா வருஷம் எழுதுகிறேன். வெளியூர் போன கழுதையெல்லாம் அன்றைக்குத் திரும்பி வருகிறது, நீ மட்டும் வருவதில்லை. அதற்கு நீ, "கொட்டகையில் கிடக்கிற என் பட்டாள லாரியை வருஷாந்திர வண்டிச் சோதனைக்குக் கொண்டுபோய், ரோட்டில் ஓட்டலாம் என்கிற அரசாங்க ஸ்டிக்கர் ஒட்டு அண்ணே, அன்றைக்கு வருகிறேன்" என்று எழுதினாய். கிண்டல்தான். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எழுத்தில் கொடுத்த வாக்கு வாக்குதான்.

ஜனவரியிலிருந்து வேலை பார்க்கிறேன். சீட்டுக்குள் மூன்று தலைமுறை எலி குடியிருந்தது. காலி பண்ணச் சொன்னதற்கு ஒன்று என்னைக் கடித்தது. போன புதன்கிழமை எஞ்சின் கிளம்பிவிட்டது. நீ அறுபத்து நாலில் ராணுவ ஏலத்தில் எடுத்தபோது போட்ட அதே சத்தம். புகையில் பக்கத்து வீட்டு யூனிஸ் காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் கலராகிவிட்டது. அவள் என்னிடம் பேசுவதில்லை. அது ஒரு லாபம்.

நேரே நம் ஊர் மெக்கானிக் மெர்லிடம் ஓட்டிப் போனேன்.

"எடை என்ன இருக்கும்?" என்றான்.

"ஆறு டன்."

"என் லிஃப்ட் நாலு டன்தான் தூக்கும். அடியைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட முடியாது."

"கீழ படுத்துப் பாரேன்."

"நான் படுத்தா என்னை யாரு தூக்குறது?" என்றான். அவன் உடம்பைப் பார்த்தால் நியாயமான கேள்விதான். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி, "ஸ்டிக்கர் இல்லாம ரோட்டுல எப்படி ஓட்டிட்டு வந்தே?" என்றான்.

"ஸ்டிக்கர் வாங்கத்தான்."

"ஸ்டிக்கர் இல்லாம ரோட்டுல ஏறக் கூடாதே."

"ரோட்டுல ஏறாம ஸ்டிக்கர் வாங்க முடியாதே."

"ஆமா," என்றான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய லாரிகள் பார்க்கிற பட்டறை இருக்கிறதாம். அங்கே போக ஒருநாள் அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். விழா ஆகஸ்ட் பதினாறு. நீ பெட்டியைத் தூசி தட்டு.

பனி உருகின சேறு காய்ந்ததும் மறுபடி எழுதுகிறேன்.

ஆர்லோ

*

ஃபுளோரிடா
ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். எலி கடித்த இடத்தை டாக்டரிடம் காட்டு.

அண்ணே, நான் எழுதியது விளையாட்டுக்கு. நாற்பத்தைந்து வருஷத்து வண்டி அது. எழுபது வயதில் அதன் அடியில் படுத்து நீ ஏதாவது ஆக்கிக்கொண்டால் நான் யாருக்குப் பதில் சொல்வது? விட்டுவிடு. இங்கே வீட்டுச் சொந்தக்காரி திருமதி ப்ரூயிட் அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார். எனக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு. நீண்ட பயணம் ஆகாது.

ஆற்றுக்கு அந்தப் பக்கப் பட்டறை யாருடையது?

உன் தம்பி
வெண்டெல்

*

கார்வர் ஹாலோ
மே 19

முழங்கால்காரத் தம்பிக்கு,

போன வருஷம் முதுகு, இந்த வருஷம் முழங்காலா? கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த வருஷம் கால் கட்டைவிரலைச் சொல்வாய். எனக்கு இடுப்பு அப்படியே இருக்கிறது, எலிக்கடி ஆறிவிட்டது.

அனுமதிச் சீட்டு வந்தது, போனேன், ஃபெயில்.

பட்டறை யாருடையது என்று கேட்டாயே. பெரிய திபோவின் பட்டறைதான். கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது மகள் கோரின் நடத்துகிறாள். ஐம்பத்தேழு வயசு, புருஷன் செத்து ஆறு வருஷம், காதில் பென்சில், கையில் டார்ச். நான் போட்ட ஜோக் எதற்கும் சிரிக்கவில்லை. லாரியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"இது யாரு வண்டி?" என்றாள்.

"என் தம்பி வண்டிம்மா. ஃபுளோரிடாவுல இருக்கான். ஸ்டிக்கர் ஒட்டினா ஊருக்கு வர்றேன்னிருக்கான்."

"சரி, பிரேக்கை மிதிங்க," என்றாள். மிதித்தேன். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "விளக்கு எரியல," என்றாள். கை பிரேக்கை இழுக்கச் சொன்னாள், இழுத்தேன், லாரி அது பாட்டுக்கு நகர்ந்தது. வைப்பரைப் போடச் சொன்னாள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மூன்று குறை எழுதிக் கையில் கொடுத்துவிட்டாள்.

இதெல்லாம் உனக்குத்தான் தெரியும். விளக்குச் சுவிட்சில் மூன்று லீவர் இருக்கிறது. பெரியது ஒரு பக்கம் லேசாகப் போகிறது, இன்னொரு பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது. எந்தப் பக்கம் தள்ள வேண்டும்? கை பிரேக்கை எப்படி இறுக்குவது? வைப்பர் எங்கே? சீக்கிரம் எழுது. கறுப்பு ஈ சீசன் வந்துவிட்டது, லாரிக்கு அடியில் என்னைக் கடிக்கவே தனிக் கூட்டம் காத்திருக்கிறது.

ஆர்லோ

*

ஃபுளோரிடா
ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை இருந்தது. நீ ஈக்கடியோடு நலமா?

சோதனை பார்த்தது கோரினேதானா? வேலைக்கு ஆள் வைத்திருப்பாளே? வண்டி யாருடையது என்று கேட்டதற்கு அப்புறம் வேறு எதுவும் கேட்டாளா?

நீ கேட்டவை. பெரிய லீவரை லேசாகப் போகிற பக்கமே தள்ளி விட்டுவிடு, இன்னொரு பக்கம் போட்டு மல்லுக்கட்டாதே, உடைந்துவிடும். கை பிரேக் பிடியின் உச்சியில் ஒரு குமிழ் இருக்கும், அதை இடப்பக்கம் நன்றாகத் திருகு. வைப்பருக்குச் சுவிட்ச் கிடையாது. பட்டாளத்தில் கையால்தான் தள்ளுவார்கள். அப்படியே சொல்.

இத்தனைக்கும் தேறாவிட்டால் விட்டுவிடு அண்ணே. வருத்தப்பட மாட்டேன்.

வெண்டெல்

*

கார்வர் ஹாலோ
ஜூன் 23

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய்.

இன்னொரு அனுமதிச் சீட்டு, இன்னொரு இரண்டு வாரம். நீ எழுதியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் செய்தேன். பெரிய லீவரை லேசாகப் போகிற பக்கம் தள்ளினேன். முன் விளக்கு பெரிதாக எரியவே இல்லை. பின்னால் பூனைக்கண் மாதிரி ஒரு கீற்று, அவ்வளவுதான். குமிழை இடப்பக்கம் கை வலிக்கத் திருகினேன். அப்புறம் கை பிரேக்கைப் போட்டுவிட்டு, பெருமையாகக் கீழே இறங்கினேன். லாரியும் என் கூடவே கிளம்பிவிட்டது. நேராகப் போய் அவள் சாமான் அலமாரியில் முட்டியது. ஸ்பேனரெல்லாம் ஆலங்கட்டி மாதிரி கொட்டியது.

"வைப்பர்?" என்றாள்.

"பட்டாளத்துல கையாலதான் தள்ளுவாங்களாம்மா," என்று வெளியே கையை நீட்டித் தள்ளிக் காட்டினேன்.

"இதெல்லாம் யாரு உங்களுக்குச் சொன்னது?"

"தம்பிதான். கடிதமே போட்டிருக்கான், பாரு."

கடிதத்தை வாங்கிப் படித்தாள். நிதானமாகப் படித்தாள், ரெண்டு தடவை. பிறகு மடித்துக் கொடுத்துவிட்டு, ஃபெயில் சீட்டை எழுதினாள். பேனா அழுத்தியதில் அடிக்காகிதம் கிழிந்துவிட்டது. என் மேல் என்ன கோபம் அவளுக்கு? அலமாரியை நானே நிமிர்த்திக் கொடுத்தேன்.

மெர்ல் கடையில் இப்போது என் பெயர் 'ஒருநாள் அனுமதி'. உள்ளே நுழைந்தாலே, "வந்துட்டாருப்பா ஒருநாள் அனுமதி" என்கிறான்கள். எல்லாம் உன்னால் வந்த கீர்த்தி. வேறு வழி ஏதாவது இருந்தால் எழுது, இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.

ஆர்லோ

*

ஃபுளோரிடா
ஜூலை 7

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? லாரி உருண்டபோது நீ முன்னால் நிற்காதது கடவுள் செயல்.

என் கடிதத்தை அவளிடம் ஏன் காட்டினாய்?

அண்ணே, இனி அந்தப் பட்டறைக்குப் போகாதே. அறுபது மைல் தள்ளி வடக்கே வேறு பட்டறை இருக்கும், விசாரித்துப் பார். இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. நான் மனதாரச் சொல்கிறேன். ஆகஸ்டில் எனக்கு இங்கே வேலை இருக்கும் போலிருக்கிறது.

வெண்டெல்

*

கார்வர் ஹாலோ
ஜூலை 21

பயந்தாங்கொள்ளி வெண்டெலுக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. ரத்தக் கொதிப்பு மட்டும் ஏறியிருக்கிறது. இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கும் ஏறும்.

நீ போகாதே என்றாய். அதனால் போனேன். சின்ன வயசிலிருந்து நீ எதைத் தொடாதே என்கிறாயோ அதற்குப் பின்னால்தான் பிஸ்கட் டப்பா இருக்கும்.

இந்தத் தடவை கோரின் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "தள்ளி உட்காருங்க," என்றாள். ஏறி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். இடப்பக்கத்துச் சின்ன லீவரை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகராத பக்கம் பெரிய லீவரைத் தள்ளினாள். சொடக்குப் போட்ட மாதிரி போனது. சின்னது பூட்டு, பெரியது கதவு, அவ்வளவுதானாம். எல்லா விளக்கும் எரிந்தது. குமிழை வலப்பக்கம் நாலு சுற்றுச் சுற்றிக் கை பிரேக்கை இழுத்தாள், லாரி மலை மாதிரி நின்றது. கண்ணாடிக்கு மேலே கையை விட்டு எதையோ திருகினாள். உஸ்ஸென்று காற்று போய் வைப்பர் ஆட ஆரம்பித்தது. இத்தனைக்கும் அவள் எதையும் தேடவில்லை. பாதி நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"உங்க தம்பிதான் சொல்லிக் கொடுத்தாரு. இதே சீட்டுல உக்கார வெச்சு."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் தப்புத் தப்பா எழுதினான்?"

"பாஸாயிட்டா ஊருக்கு வரணும்ல," என்றாள். அப்புறம் சொன்னாள்.

டேய், அறுபத்தாறு அக்டோபரில் ரெண்டு பேரும் ஊரை விட்டுப் போகிறதாக இருந்தீர்களாமே. பாலத்தடியில் விடியற்காலையில் பெட்டியோடு நில், லாரியில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றாயாமே. பால் வண்டி போகிற வரைக்கும் நின்றாளாம். அப்புறம் வீட்டுக்குப் போய், அப்பா எழுவதற்குள் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டுக் காபி போட்டாளாம். யாருக்கும் தெரியாது. நீ அன்றைக்குப் பகலே பஸ் ஏறிவிட்டாய். எங்களிடம் ஃபுளோரிடாவில் நல்ல வேலை என்றாய்.

முப்பத்தொரு வருஷம் முதுகு, முழங்கால் என்று எனக்குக் கதை விட்டாய். அதையாவது பொறுப்பேன். ஆறு மாசம் நான் கிரீஸில் உருண்டேன், அங்கே உட்கார்ந்துகொண்டு இடப்பக்கம் திருகு என்று எழுதினாயே, அதை எப்படிடா பொறுப்பது?

லாரி பாஸ். கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று, அவளே ஒட்டினாள். "அவர் மேல கோபத்தை வெச்சுக்கிட்டு லாரியை ஏன் பாஸ் பண்ணினேன்னு உங்க தம்பி கேப்பாரு. லாரி என்ன பண்ணுச்சு பாவம்," என்றாள். உனக்கு ஒரு சீட்டும் கொடுத்தாள். உள்ளே இருக்கிறது. பிரிக்கவில்லை. ஆவியில் காட்டிப் பார்த்தேன், பசை கெட்டி.

ஆர்லோ

*

(அதே உறையில்)

வெண்டெல்,

நலமா என்று கேட்பது முறை. கேட்டாயிற்று.

உன் பெயரில் உள்ள 1952ஆம் வருஷத்து லாரியைச் சோதித்தேன். பிரேக் பிடிக்கிறது. விளக்குகள் எரிகின்றன. வைப்பர் ஓடுகிறது. அடிச்சட்டத்தில் துரு உண்டு, ஓட்டை இல்லை. இந்த வயதுக்கு நல்ல நிலை.

ஓடிப்போவதற்கு இந்த வண்டியில் ஒரு குறையும் கிடையாது. அன்றைக்கும் இருந்திருக்காது. திரும்பி வருவதற்கும் இல்லை.

கோரின் திபோ
சோதனையாளர்

*

கார்வர் ஹாலோ
ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

பதில் இல்லை. நலமாக இருக்கிறாயா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேன். திட்டியது சரிதான், அளவுதான் கூடிவிட்டது. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உன் அண்ணி லொரேன் போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆகிறது. இந்த அஞ்சு வருஷத்தில், காலையில் எழுந்ததும் போக ஒரு இடம் எனக்கு இருந்தது இந்த ஆறு மாசம்தான். அந்த லாரிக்கு அடியில். இப்போது அதுவும் பாஸாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியவில்லை. நேற்று யூனிஸிடம் நானாகப் போய்ப் பேசினேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்.

ஊர் கூடும் நாள் ஊர்வலத்தில் லாரிக்கு எட்டாவது இடம், தீயணைப்பு வண்டிக்குப் பின்னால். யார் ஓட்டுவது என்று கேட்டார்கள். இன்னும் பெயர் கொடுக்கவில்லை.

ஆர்லோ

*

ரிச்மண்ட் பஸ் நிலையம், வர்ஜீனியா
ஆகஸ்ட் 11

அண்ணே,

நலம். அடுத்த பஸ்ஸுக்கு நாலு மணி நேரம் இருக்கிறது. ரெண்டு தடவை திரும்பிப் போகிற பஸ் பக்கம் போய் நின்றேன். ரெண்டு தடவையும் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் போகாமல் இல்லை. பாலத்துக்கு மேலே இருக்கும் வளைவு வரைக்கும் வந்தேன். பெரிய லீவரை லேசாகப் போகிற பக்கம் தள்ளி வைத்திருந்தேன். அது போர்க்களத்தில் எதிரி கண்ணில் படாமல் போவதற்கான விளக்கு. உனக்கு எழுதினேனே, அதே பக்கம்தான். அவள் தெரிந்தாள், நான் அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நம்புகிறவளை நான் என்ன செய்யப்போகிறேன் என்று பயம் வந்துவிட்டது. பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை வந்து சேர்வேன். அவளிடம் சொல்லாதே. சொல்லியிருப்பாய்.

வெண்டெல்

*

கார்வர் ஹாலோ
செப்டம்பர் 8

மதிப்புக்குரிய திருமதி ப்ரூயிட் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் உங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த வெண்டெலின் அண்ணன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் நாலு வருஷத்துப் பழக்கம்தான்.

பத்து நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவன் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். உயிரோடு இருக்கிறான். இங்கே அவன் சோதனையில் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

ஊர்வலத்தில் பட்டாள லாரியை அவன்தான் ஓட்டினான். முகம் பால் பவுடர் மாதிரி வெளுத்திருந்தது. சர்ச் வாசலில் ஊர்வலம் முடிகிற இடத்தில், இந்தப் பக்கத்து வண்டிச் சோதனைக்காரி கோரின், காதில் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இறங்கு," என்றாள். இறங்கினான். தொப்பியைக் கழற்றினான், எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான். அவள் லாரியைச் சுற்றிப் பார்க்கிற மாதிரியே அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நான் கிழங்கு சாலட்டுக்கு வரிசையில் நின்றவன், இடத்தை விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"முப்பத்தொரு வருஷம் ஸ்டார்ட் பண்ணாம கிடந்தது. ஒரே நாள்ல பார்த்துச் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வா," என்றாள்.

செவ்வாய்க்கிழமை போனான். சொல்ல வந்ததைச் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறான். ஃபெயில். அடுத்த செவ்வாய் சொன்னானாம், ஆனால் தன் பூட்ஸைப் பார்த்துச் சொன்னானாம். அதுவும் ஃபெயில். போன வாரம் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அவள் ஒரு ஸ்பேனரை அவன் கையில் கொடுத்து, மரம் ஏற்றுகிற லாரி ஒன்றுக்கு அடியில் அனுப்பிவிட்டாள். இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தான். உடம்பெல்லாம் எண்ணெய். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று நானே போய்க் கேட்டேன்.

"ஏம்மா, இவனுக்கு எப்பதான் பாஸ் போடுவே?"

"போட்டாலும் ஒரு வருஷம்தான் செல்லும் ஆர்லோ," என்றாள். "அப்புறம் மறுபடியும் பார்க்கணும். அதுதான் சட்டம்."

அதனால் அம்மா, அவன் துணிமணிகளை மட்டும் பார்சலில் அனுப்பிவைத்தால் புண்ணியமாகப் போகும். அரைக்கால் சட்டைகள் வேண்டாம், இங்கே அடுத்த மாதம் பனி விழும். அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு, பணிவுடன்
ஆர்லோ